நேற்றுப் பறித்த மொக்கு

அம்மா பூவைக் கண்ணால் பார்த்து வாங்கியதே இல்லை. சேலம் வ.உ.சி. பூ மார்க்கெட்டில் விடியற்காலை நாலரை மணிக்குக் குண்டுமல்லி மூட்டையைப் பிரிக்கும்போது, மற்ற பூக்காரம்மாக்கள் மேலே கிடக்கும் மொக்கின் வெள்ளையைப் பார்ப்பார்கள். அம்மா முழங்கை வரைக்கும் கையை உள்ளே விட்டு, அடியிலிருந்து ஒரு பிடி அள்ளி, மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய் ஒரே ஓர் இழுப்பு இழுப்பார். அப்புறம் அதே மூட்டையில் போட்டுவிடுவார்.

"மேல இருக்கறது இன்னிக்குப் பறிச்சது. அடியில நேத்தைய மொக்கு கலந்திருக்கு. எடை போடாதீங்க தம்பி."

"ஏனுங்கம்மா இப்படிச் சொல்றீங்க? பனமரத்துப்பட்டி வண்டி இப்பத்தானுங்களே வந்து நின்னுச்சு."

"வண்டி இப்ப வந்துச்சு. மொக்கு எப்பப் பறிச்சது?"

மண்டிக்காரர் முனகிக்கொண்டே மூட்டையைத் தார்ப்பாயில் கொட்டுவார். நேற்றைய மொக்கைக் குனிந்து, விளக்கு வெளிச்சத்தில் புரட்டிப் பார்த்தால்தான் தெரியும். காம்பு சேரும் இடத்தில் ஊசி முனை அளவுக்குப் பழுப்பு ஏறியிருக்கும். ஐஸ் பெட்டியில் கிடந்த ஈரத்தில் இதழின் நுனி கண்ணாடி மாதிரி ஆகியிருக்கும். அம்மா சொன்னது அனேகமாகச் சரியாகவே இருக்கும். பள்ளிக்கூட நாட்களில் பை தூக்கிக்கொண்டு கூடப் போன நானும் இரண்டு பிடியையும் மாற்றி மாற்றி மோந்து பார்ப்பேன். எனக்கு இரண்டுமே மல்லி வாசம்தான்.

அந்த மூக்கு 2016 வாக்கில் தளர ஆரம்பித்தது. ஒரு வளைகாப்புக்குக் கொடுத்த சரத்தைத் திருப்பிக் கொண்டுவந்த அக்கா ஒருவர், "பூ பளிச்சுன்னுதான் இருக்கு, மணக்கவே இல்லைங்களே" என்றார். அம்மா அதை வாங்கி முகர்ந்தார், மறுபடி முகர்ந்தார், ஒன்றும் பேசாமல் காசைத் திருப்பிக் கொடுத்தார். அன்று ராத்திரி என்னிடம், "எனக்கு நல்லாத்தான் தெரிஞ்ச மாதிரி இருந்துச்சு கண்ணு" என்றார். அந்தக் குரல் இன்னும் காதிலேயே இருக்கிறது.

நான் நர்சிங் படிக்கும் பிள்ளைகளுக்கு உடலியங்கியல் சொல்லித் தருகிறேன். மோப்பம் என்ற பாடத்தைப் பத்து வருடமாக ஒரே மாதிரி நடத்திவந்தேன். மூக்கின் உச்சியில் ஈரமான சவ்வு, அதில் வாசனையை வாங்கும் நரம்புச் செல்கள், ஒவ்வொரு செல்லிலும் ஒரே வகை ஏற்பி, அதாவது வாசனை வந்து பொருந்தும் பூட்டு, மனிதனுக்கு ஏறக்குறைய 400 வகை. 1991-ல் லிண்டா பக்கும் ரிச்சர்டு ஆக்ஸெலும் அந்த மரபணுக்களைக் கண்டுபிடித்தார்கள், 2004-ல் நோபல் பரிசு வாங்கினார்கள். பூட்டு, சாவி, மணி அடித்தது, மூளை கேட்டது. இரண்டு மதிப்பெண் கேள்விக்கு இது போதும். அம்மாவின் மூக்குக்குப் போதவில்லை. நேற்றைய மொக்கிலும் இன்றைய மொக்கிலும் இருப்பவை லினலூல், பென்சைல் அசிட்டேட், இண்டோல் என்று அதே பொருள்கள்தான். விகிதம் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். இரண்டு பிடியும் ஏறக்குறைய அதே பூட்டுகளைத்தான் திறக்கும். அப்படியானால் அம்மா எதைக் கேட்டுப் பிரித்தார்?

இந்தக் கேள்வியோடு படிக்க உட்கார்ந்த பிறகுதான், செய்தியைக் கத்திச் சொல்கிற செல்களைப் பற்றி மட்டுமே பத்து வருடமாக நான் பாடம் எடுத்திருக்கிறேன் என்று தெரிந்தது. அவற்றின் வாயைப் பொத்துகிற செல்களை ஒரே வரியில் தாண்டிப் போயிருக்கிறேன். எண்ணிக்கையில் அவைதான் பெரும்படை.

மூக்கிலிருந்து வரும் நரம்பு இழைகள் சல்லடை போல ஓட்டை ஓட்டையாக இருக்கும் ஓர் எலும்பைத் தாண்டி, மூளையின் அடிப்பக்கம் ஒட்டிக்கிடக்கும் மோப்பக் குமிழுக்குள் போகின்றன. ஒரே ஏற்பி உள்ள இழைகள் எல்லாம் அங்கே ஒரே முடிச்சில் வந்து சேர்கின்றன. அந்த முடிச்சிலிருந்து செய்தியை மூளைக்குள் எடுத்துப் போகிறவை மைட்ரல் செல்கள். கிறிஸ்தவ பிஷப்புகள் அணியும் உயர்ந்த தொப்பியைப் போல இருப்பதால் அந்தப் பெயர். இவற்றுக்கு அடியில் பொடிப்பொடியாக ஒரு பெருங்கூட்டம் கிடக்கிறது. ஆங்கிலப் புத்தகங்களில் கிரானியூல் செல் என்று இருக்கும். நான் வகுப்பில் குருணைச் செல் என்கிறேன். அரிசிக் குருணையைத் தெரியாத பிள்ளை எங்கள் ஊரில் கிடையாது. ஒரு மைட்ரல் செல்லுக்குப் பல பத்துக் குருணைகள் என்ற கணக்கில் அவை இருக்கின்றன. அவை செய்கிற வேலை ஒன்றே ஒன்று, அடக்குவது. அதற்கு அவை கையாளும் பொருள் காபா.

காபா என்பது காமா அமினோ பியூட்டிரிக் அமிலத்தின் சுருக்கம். 1950-ல் யூஜின் ராபர்ட்ஸும் சாம் ஃபிராங்கலும் எலி மூளையில் அது ஏராளமாக இருப்பதைக் கண்டார்கள். அது நரம்பை அடக்கும் பொருள் என்று எல்லாரும் ஒப்புக்கொள்வதற்குள் இன்னும் பல வருடங்கள் ஓடிவிட்டன. இதில் எனக்குப் பிடித்த விஷயம், காபா எதிலிருந்து பிறக்கிறது என்பது. மூளையில் நரம்புகளைக் கிளப்பிவிடும் முக்கியப் பொருள் குளூட்டமேட். நாம் அஜினமோட்டோ என்று சொல்வது அதனுடைய சோடியம் உப்புதான். அதே குளூட்டமேட்டிலிருந்து ஒரு நொதி ஒரு கார்பன் துண்டை வெட்டி எடுத்தால் காபா. கத்துகிறதும் வாயைப் பொத்துகிறதும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். அந்த நொதி வேலை செய்ய வைட்டமின் பி6 வேண்டும். காசநோய்க்கு ஐசோநையாசிட் சாப்பிடுகிறவர்களுக்குக் கூடவே பி6 மாத்திரை கொடுப்பது முக்கியமாகக் கை கால் நரம்புகளைக் காப்பதற்கு. அந்த மருந்தை யாராவது அளவுக்கு மீறி விழுங்கிவிட்டால் மூளையில் காபா வற்றி வலிப்பே வந்துவிடும்; அப்போதும் பி6 ஊசிதான் காப்பாற்றும். இதை என் மாணவிகள் வார்டில் நேரில் பார்க்க வேண்டியிருக்கும் என்பதால் ஒரு தடவைக்கு இரண்டு தடவை சொல்லுவேன்.

குருணைச் செல்லுக்கு ஒரு விசித்திரம் உண்டு. சாதாரண நரம்புச் செல்லுக்குச் செய்தி வாங்கும் கிளைகள் தனி, செய்தி அனுப்பும் நீண்ட வால் தனி. குருணைக்கு அந்த வாலே கிடையாது. அப்படியானால் அது எப்படிப் பேசும்? 1966-ல் அமெரிக்காவில் வில்ஃப்ரிட் ரால் கணக்குப் போட்டார். கார்டன் ஷெப்பர்ட் மின் அளவுகளை எடுத்தார். தாமஸ் ரீஸும் மில்டன் பிரைட்மனும் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தார்கள். மூன்று வழியிலும் ஒரே விடை வந்தது. வாங்குகிற அதே கிளையின் வழியாகவே குருணை திருப்பியும் கொடுக்கிறது. மைட்ரல் செல் குளூட்டமேட்டைக் கொட்டிக் குருணையை எழுப்புகிறது. எழுந்த குருணை அதே இடத்தில் காபாவைக் கொட்டி மைட்ரலை அடக்குகிறது. அதோடு தன் மற்ற கிளைகள் தொட்டிருக்கும் பக்கத்து மைட்ரல்களையும் சேர்த்து அடக்குகிறது.

மார்க்கெட்டை நினைத்துக்கொள்ளுங்கள். பத்து மண்டிக்காரர்கள் ஒரே நேரத்தில் விலை கூவுகிறார்கள். ஒவ்வொருவர் பக்கத்திலும் ஒரு பையன் நிற்கிறான். தன் முதலாளி கூவியதும் அவர் வாயையும் பக்கத்துக் கடைக்காரர் வாயையும் பொத்துவது அவன் வேலை. முதலாளி எவ்வளவு பலமாகக் கூவுகிறாரோ அவ்வளவு அழுத்திப் பொத்துவான். கொஞ்ச நேரத்தில் என்ன ஆகும்? நடுத்தரமாகக் கூவியவர்கள் குரல் அமுங்கிப் போகும். ஓங்கிக் கூவிய இரண்டு மூன்று பேர் மட்டும் இடைவெளி விட்டு, கைகள் விலகும் அந்த ஒரே கணத்தில் சேர்ந்து கூவுவார்கள். முதலில் பத்துக்கு எட்டு, எட்டரை என்று ஒட்டிக்கொண்டிருந்த வித்தியாசம் இப்போது மூன்றுக்கும் ஒன்பதுக்குமாக விரிந்துவிடும். அம்மா பிரித்தது இந்த வித்தியாசத்தைத்தான் என்று நான் நம்புகிறேன். முப்பது வருடம் தினம் தினம் மூட்டைக்குள் கைவிட்டுப் பழகிய மூக்கு.

இதை யாராவது சோதித்துப் பார்த்திருக்கிறார்களா என்று தேடியபோது கிடைத்தது தேனீ ஆராய்ச்சி. அதைச் சொல்வதற்கு முன்னால் ஏற்காட்டுக்கு ஒரு நடை போய் வர வேண்டும்.

என் பெரியப்பா சேர்வராயன் மலையில் ஒரு காப்பித் தோட்டத்தில் ரைட்டராக இருந்தவர். ஆள் கணக்கு, கூலிக் கணக்கு, பழம் பறித்த எடை எல்லாம் அவர் கையில். இந்த மலையில் காப்பி வந்தது 1820-களில், சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காலத்தில். மார்ச், ஏப்ரலில் ஒரு நல்ல மழை பெய்தால் அதைப் பூ மழை என்பார்கள். மழை பெய்து ஒரு வாரம், பத்து நாளில் செடி முழுக்க வெள்ளை வெளேர் என்று பூத்துவிடும். இரண்டு மூன்று நாள்தான். அதற்குள் மலை முழுக்கத் தேனீ இரைச்சல். 20 கொண்டை ஊசி வளைவும் தாண்டிப் பேருந்தை விட்டு இறங்கியதும் வாசம் முகத்தில் வந்து அப்பும்.

ஒரு வருடம் அம்மாவையும் கூட்டிப் போயிருந்தேன். மூக்கு நன்றாக இருந்த காலம். பெரியப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "காப்பிப் பூ மல்லி மாதிரியே மணக்கும்னு டூரிஸ்டுக எல்லாம் சொல்லுவாங்க பாப்பா. உங்கம்மாகிட்டச் சொல்லிப் பாரு, அடிக்க வந்துருவா" என்றார். நான் சொன்னேன். அம்மா ஒரு கொத்தை மூக்கில் வைத்து யோசித்தார்.

"முன்னாடி வர்றது மல்லி மாதிரிதான் இருக்கு. பின்னால வரணுமே, அது வரல. மல்லி உள்ள போய் உக்காரும். இது தொட்டுட்டுப் போயிருது."

'பின்னால வரணுமே, அது' என்ற வார்த்தையை அப்போது நான் கவனிக்கவில்லை. இப்போது அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன்.

தேனீக்கு நம்மைப் போல மோப்பக் குமிழ் கிடையாது. உணர்கொம்பு நரம்புகள் போய்ச் சேரும் மடல் ஒன்று இருக்கிறது. அதிலும் முடிச்சுகள், அதிலும் காபாவைக் கொட்டி அடக்கும் செல்கள். ஒரு வாசனை வந்தால் அந்த மடலில் செய்தி அனுப்பும் செல்கள் ஒன்றோடு ஒன்று தாளம் சேர்ந்து துடிக்கும். 1996-ல் மெக்லியாடும் ஜில் லோராங்கும் வெட்டுக்கிளியில் காபாவின் வேலையைத் தடுத்துப் பார்த்தார்கள். செல்கள் துடிப்பதை நிறுத்தவில்லை, தாளம் மட்டும் குலைந்தது. மறு வருடம் ஸ்டாப்ஃபர், பகவான், ஸ்மித், லோராங் நால்வரும் அதையே தேனீயில் செய்தார்கள். ஒரு வாசனையைக் காட்டிச் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்துப் பழக்கினால், அடுத்த முறை அந்த வாசனைக்கே தேனீ நாக்குக் குழலை நீட்டும். காபாவைத் தடுத்த தேனீயும் அந்த வாசனையைக் கற்றுக்கொண்டது, நினைவு வைத்துக்கொண்டது. முற்றிலும் வேறான வாசனையைக் காட்டினால் ஏமாறவில்லை. ஆனால் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த, நெருங்கிய இரண்டு வாசனைகளைப் பிரிக்கத் தெரியவில்லை. இரண்டுக்கும் நாக்கை நீட்டியது.

படித்ததும் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். மூக்கு போகவில்லை, நுணுக்கம் மட்டும் போயிருக்கிறது. மல்லிக்கும் காப்பிப் பூவுக்கும் நடுவில் அம்மா கண்ட அந்த 'பின்னால வர்றது' இருக்கிறதே, அதைத் தேனீயிடமிருந்து எடுத்துவிட்டார்கள்.

காபாவைத் தடுக்க அவர்கள் பயன்படுத்தியது பிக்ரோடாக்சின். அதன் மூலம் எது என்று பார்த்தால் நம் காடுகளில் படரும் ஒரு கொடி. தமிழில் காக்கைக்கொல்லி. அந்த விதையை இடித்து நீர்நிலைகளில் தூவி மீனை மயக்கிப் பிடிக்கும் வழக்கம் தென்னாட்டில் இருந்திருக்கிறது. 1812-ல் பூலே என்ற பிரெஞ்சு மருந்தாளுநர் அந்த விதையிலிருந்து கசப்பான பொருளைப் பிரித்தெடுத்தார். மீன் தலைகீழாகத் துள்ளி மிதந்ததற்கும் தேனீ இரண்டு வாசனைகளைக் குழப்பிக்கொண்டதற்கும் காரணம் ஒன்றுதான்: அடக்கும் கையை யாரோ பிடித்துக்கொண்டார்கள்.

இதற்கு நேர்மாறான சோதனையும் உண்டு. 2010-ல் நிக்ஸன் ஆபிரகாமும் கூட்டாளிகளும் ஜெர்மனியில் சுண்டெலியின் குருணைச் செல்களில் மரபணுவை மாற்றி, அவை இன்னும் பலமாக அடக்கும்படி செய்தார்கள். அந்த எலிகள் நெருங்கிய வாசனைகளைச் சாதாரண எலிகளை விட வேகமாகப் பிரித்தன. அடக்கத்தைக் குறைத்தபோது தாமதமாகின. ஆபிரகாம் இப்போது நம் நாட்டில், புனேயில் ஆராய்ச்சிக்கூடம் வைத்திருக்கிறார்.

அடக்கம் நுணுக்கத்துக்கு மட்டும் அல்ல, பழகிப்போவதற்கும் வேண்டும். சேலத்திலிருந்து ஆத்தூர் போகும் சாலையில் ஜவ்வரிசி ஆலைகள் வரிசையாக இருக்கும். மரவள்ளிக் கிழங்கின் திப்பியைக் களத்தில் காயப்போட்டிருப்பார்கள். புளித்த நாற்றம் பேருந்துக்குள் ஏறும். வெளியூர்க்காரர்கள் முந்தானையால் மூக்கை மூடுவார்கள். அந்தக் களத்தில் வேலை பார்க்கும் பெண்கள் அங்கேயே தூக்குப்போசியைத் திறந்து சோறு சாப்பிடுவார்கள். குழம்பில் உப்பு உறைப்பு பற்றியும் கருவாட்டு மணம் பற்றியும் பேசுவார்கள். திப்பி நாற்றம் மட்டும்தான் மறைந்திருக்கிறது, மற்ற எல்லாம் அப்படியே இருக்கிறது.

பழ ஈயில் இதை ஆராய்ந்தவர்களில் வெரோனிக்கா ரொட்ரிகஸ் நம்மவர். மும்பை டாடா ஆராய்ச்சி நிறுவனத்தில் ஒபைத் சித்திக்கியிடம் சேர்ந்து, 1970-களிலேயே வாசனை தெரியாத ஈக்களைக் கண்டுபிடித்தவர். அவரும் மணி ராமசாமியும் குழுவினரும் செய்த வேலை 2011-ல் வெளிவந்தது. அதற்கு முந்தைய ஆண்டே வெரோனிக்கா இறந்துவிட்டார். நாலு நாள் ஒரே வாசனையில் ஈக்களை வைத்திருந்தால், அந்த வாசனை சேரும் முடிச்சில் மட்டும் காபாவின் அடக்கம் பலப்படுகிறது. ஈ அதைச் சட்டை செய்யாது. வேறு வாசனைக்கு எப்போதும் போல ஓடும். திப்பிக் களத்துப் பெண்களின் மூளையில் அதே வழிதான் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் 'அவங்களுக்கு மூக்கு மரத்துப் போச்சு' என்று பேருந்தில் யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். மரத்துப் போவது வேறு. இது மூளை பாடுபட்டுக் கட்டிய திரை.

மேச்சேரிப் பக்கம் செம்மறி வளர்ப்பவர்களுக்கு இன்னொன்று தெரியும். ஈன்ற ஆடு முதல் ஓரிரண்டு மணி நேரத்துக்குள் தன் குட்டியை மோந்து நக்கிவிட்டால் பிறகு அதை மட்டும்தான் பாலுக்கு விடும், மற்ற குட்டியை முட்டித் தள்ளும். கீத் கென்ட்ரிக் குழு 1992-ல் ஆட்டின் மோப்பக் குமிழிலேயே அளந்தது. ஈன்ற பிறகு, தன் குட்டியின் வாசம் வரும்போது குளூட்டமேட்டும் காபாவும் கூடுதலாகச் சுரக்கின்றன. தாய்மை என்று நாம் பாடுவதில் ஒரு பங்கு அந்தக் குருணைக்கும் மைட்ரலுக்கும் நடுவில் எழுதப்படுகிறது.

மோப்பக் குமிழைத் தாண்டினால் செய்தி போய்ச் சேரும் பெரிய இடம் பைரிஃபார்ம் புறணி. பேரிக்காய் வடிவம் என்று அர்த்தம். ஏற்காட்டில் கூடைக்காரம்மாக்கள் விற்பார்களே, அதே பேரிக்காய். அங்கே அடக்கம் இன்னும் அகலமானது. எந்த வாசனை வந்தாலும் ஏறக்குறைய எல்லாச் செல்களுக்கும் காபா போகிறது, சில செல்கள் மட்டுமே அதை மீறிப் பேசுகின்றன. அந்த அடக்கம் குலைந்தால் என்ன ஆகும் என்பது 1985-ல் தெரிந்தது. எலியில் அந்தப் பகுதியின் முன்புறம், ஆழத்தில் ஒரு சின்ன இடத்தில், காபாவைத் தடுக்கும் பைகுகுலின் என்ற மருந்தை மிக மிகச் சிறிய அளவில் செலுத்தினார்கள். வலிப்பு வந்தது. சில வலிப்பு நோயாளிகளுக்கு முன்னறிவிப்பாக ஏதோ கருகிய நாற்றம் வருவதை ஹியூலிங்ஸ் ஜாக்சன் என்ற ஆங்கில நரம்பியல் மருத்துவர் 19-ஆம் நூற்றாண்டிலேயே எழுதி வைத்திருக்கிறார்.

எங்கள் தெருவில் ஒரு பையன், "அக்கா, டயர் எரியற நாத்தம் வருது" என்று சொல்லிவிட்டு விழுவான். உடனே நாலு பேர் சாவிக்கொத்தோடு ஓடி வருவார்கள். இதைப் படிக்கிறவர்கள் யாராக இருந்தாலும் தயவுசெய்து கேளுங்கள். இரும்பு எதுவும் செய்யாது. வாயில் எதையும் திணிக்காதீர்கள். ஒருக்களித்துப் படுக்க வைத்து, தலைக்கு அடியில் மெத்தென்று ஏதாவது வைத்து, கடிகாரத்தைப் பாருங்கள். அனேகமாக இரண்டு மூன்று நிமிடத்தில் தானாக நிற்கும். ஐந்து நிமிடம் தாண்டினால் 108-ஐக் கூப்பிடுங்கள். மருத்துவமனையில் போடும் லொராசெபாம், மிடாசொலாம் ஊசிகள் செய்வது, காபாவின் பிடியை இறுக்கிவிடுவதுதான்.

சரி, அம்மாவிடம் வருகிறேன்.

மூக்கு தெரியவில்லை என்று போனபோது ஒரு டாக்டர் சளி என்றார், சொட்டு மருந்து எழுதினார். நானும் அதையே நம்பினேன். படித்தவள், பாடம் நடத்துகிறவள், நம்பினேன். 2019-ல் ஒரு நாள் மத்தியானம் பால் பொங்கி அடுப்பு அணைந்து, கேஸ் கசிந்துகொண்டிருந்தது. அம்மா அடுப்புக்கு நாலடி தள்ளி உட்கார்ந்து பூக் கட்டிக்கொண்டிருந்தார். எதிர்வீட்டு அத்தை வாசலிலேயே மூக்கைச் சுளித்துக்கொண்டு ஓடி வந்து மூடியிருக்கிறார். மணமே இல்லாத அந்த வாயுவில், கசிந்தால் தெரிவதற்காகவே எத்தில் மெர்காப்டன் கலக்கிறார்கள். அது கூடத் தெரியவில்லை என்றால் சளி இல்லை என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

2021-ல் கட்டை விரல் நடுங்க ஆரம்பித்தது. வாழைநாரில் முடிச்சுப் போடும்போது இரண்டு மொக்கு நழுவும். நரம்பியல் மருத்துவர் பார்த்ததும் பார்க்கின்சன், அதாவது நடுக்குவாதம், என்றார். மூக்கு எப்போது போனது என்று அவரே கேட்டார். நடுக்கத்துக்குப் பல வருடம் முன்னாலேயே மோப்பம் மங்குவது இந்த நோயில் சர்வ சாதாரணம். 2003-ல் ஹைக்கோ பிராக் ஜெர்மனியில் இறந்தவர்களின் மூளைகளை வரிசையாக ஆராய்ந்து, இந்த நோயின் புரதக் கட்டிகள் முதலில் தென்படும் இடங்களில் மோப்பக் குமிழும் ஒன்று என்று காட்டினார். மூக்கு மங்கிய எல்லாருக்கும் இந்த நோய் இல்லை, பயந்துவிட வேண்டாம். வயது, கொரோனா, மூக்குச் சதை, தலையில் அடி என்று காரணங்கள் நிறைய. ஆனால் மாதக் கணக்கில் திரும்பாவிட்டால் சொட்டு மருந்தோடு விட்டுவிடாதீர்கள்.

மோப்பக் குமிழில் முடிச்சுகளைச் சுற்றி இன்னொரு வகைச் செல்கள் உண்டு. அவை காபாவோடு டோபமைன் என்ற இன்னொரு நரம்புப் பொருளையும் சுரக்கின்றன. நடுமூளையில் டோபமைன் குறைவதால்தான் அம்மாவின் கை நடுங்குகிறது. மோப்பக் குமிழிலோ அந்தச் செல்கள் இரண்டு மடங்கு ஆகின்றன என்று 2004-ல் நெதர்லாந்தில் எண்ணிச் சொன்னார்கள். பின்னால் எண்ணியவர்கள் எல்லாரும் அதற்கு ஒத்துவரவில்லை. நடுக்கத்துக்குக் கொடுக்கும் லெவோடோபா மாத்திரையால் மோப்பம் திரும்புவதில்லை என்பது மட்டும் நிச்சயம். எலியின் குமிழில் குருணைச் செல்கள் ஆயுள் முழுக்கப் புதிதாக வந்துகொண்டே இருக்கும். மனிதனுக்கு அப்படி இல்லை. அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கூடிய கார்பன்-14-ஐ வைத்துச் சுவீடனில் 2012-ல் மனிதக் குமிழின் செல்களுக்கு வயது கணக்கிட்டார்கள். பெரியவர்களானபின் புதிய நரம்புச் செல் ஏறக்குறைய வருவதே இல்லை. அம்மாவின் குருணைச் செல்களுக்கும் அம்மாவின் வயதுதான்.

செய்வதற்கு ஒன்று இருக்கிறது. தாமஸ் ஹம்மல் 2009-ல் எழுதிய மோப்பப் பயிற்சி. ரோஜா, யூகலிப்டஸ், எலுமிச்சை, கிராம்பு நான்கையும் காலையிலும் ராத்திரியிலும் சில விநாடிகள் நிதானமாக முகர வேண்டும், 12 வாரம். பார்க்கின்சன் உள்ளவர்களிலும் கொஞ்சம் பேருக்கு முன்னேற்றம் தெரிந்திருக்கிறது. பெரியப்பா ஏற்காட்டிலிருந்து தைலம் கொடுத்து அனுப்பினார். அம்மாவுக்குக் கிராம்பு சில நாள் தெரிகிறது. எலுமிச்சை 'குளுகுளுன்னு' மட்டும் இருக்கிறதாம். ஐந்தாவதாக மல்லியை அம்மாவே சேர்த்துக்கொண்டார். அது இன்னும் வரவில்லை.

மார்க்கெட்டுக்கு இப்போதும் போகிறோம், வாரத்தில் இரண்டு நாள், ஆட்டோவில். மூட்டைக்குள் கைவிடுவது நான். போன வெள்ளிக்கிழமை அள்ளிய பிடியை மூக்கில் வைத்தேன். முன்னால் வந்தது மல்லி. இரண்டாவது இழுப்பில், பின்னால், லேசாக ஒரு சோர்வு.

"அம்மா, கலந்திருக்கு."

"எது, எடுத்துக் காட்டு."

உள்ளங்கையில் பரப்பி மூன்று மொக்கைப் பொறுக்கிக் கொடுத்தேன். அம்மா அவற்றை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, என் கையில் மீதி இருந்ததைத் தன் நடுங்கும் கைக்கு மாற்றிக்கொண்டார். கட்டை விரலால் ஒவ்வொன்றின் காம்பையும் அழுத்திக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் விரல் நின்றது.

"இன்னொண்ணு இருக்கு பாரு."